நீர்மேல் நிற்கும் கலை

தரைமேல் நிற்பதை எவரும் ஒரு கலையாகக் கருதுவதில்லை. தவழ்ந்த பருவத்திலே தள்ளாடி எழுந்தும், விழுந்தும், மீண்டும் எழுந்தும் நாம் தேடிக்கொண்ட பேறு அஃது என்பதை வளர்ந்தபின் மறந்துவிடுகின்றோம். அதனை நினைவூட்டுவதற்குத் துடுப்புப் பலகையைப் போன்ற ஆசான் வேறில்லை.

ஏறத்தாழ 10 அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பலகையொன்றின்மீது நிமிர்ந்து நின்று, நீண்ட துடுப்பினால் நீரை வலித்துச் செல்வதே இவ்விளையாட்டு. ஹவாய்த் தீவுகளிலே தோன்றிய இதனை, 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் லெயர்ட் ஹமில்டன் முதலிய அலைச்சறுக்கு வீரர்கள் உலகறியச் செய்தனர். இன்று எங்கள் மட்டக்களப்பு வாவியிலும் இப்பலகைகளைக் காணலாம்.

என் தங்கையின் மகள், 16 வயதினள், தானும் இதனைப் பழக வேண்டுமென்று கேட்டபோது வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் கொண்டு சென்றவர்களுள் அவள் காணாத அவளது தமையனும் ஒருவன். அதன்பின் பிறந்த இப்பிள்ளை, நீரால் சூழப்பட்ட ஊரிலே, நீரில் கால் நனையாமலே வளர்ந்தாள்.

“அண்ணா, நீந்தத் தெரியாத பிள்ளையைப் பலகையில் ஏற்ற நான் விடமாட்டேன். முதலில் நீந்தக் கற்பியுங்கள், பிறகு பார்ப்போம்” என்றாள் தங்கை. அச்சத்திலே பிறந்த நிபந்தனைதான். ஆயினும் அதனிலும் சரியான முதற்பாடம் வேறில்லை. நீந்தக் கற்பதிலேயே சில மாதங்கள் கழிந்தன. அதன்பின்னரே, மிதப்பு அங்கி அணிந்து, முதலை நடமாட்டமில்லாத இடத்தை மீனவரிடம் கேட்டறிந்து, காற்று எழாத காலை வேளையில், இடுப்பளவு நீரில் பலகையை இறக்கினோம்.

முதலில் மண்டியிட்டிருந்து பழகவேண்டும். உடலின் பாரம் தாழ்ந்திருக்குமளவுக்குப் பலகை கவிழ்வது அரிதாகும். பின்னர் பலகையின் நடுவிலுள்ள கைப்பிடிக்கு இருமருங்கும் பாதங்களை ஒவ்வொன்றாக ஊன்றி எழவேண்டும். தோளகலத்துக்குப் பாதங்கள் விலகியும், விரல்கள் முன்னோக்கியும், முழங்கால்கள் சற்றே மடிந்தும் இருத்தல் வேண்டும். எழுந்தவுடன் துடுப்பை நீரில் இட்டு வலித்தல் நன்று. ஓடும் சைக்கிள் நிற்கும் சைக்கிளைவிட எளிதில் விழாததுபோல, செல்லும் பலகை நிற்கும் பலகையினும் உறுதியானது. நீருக்குள் இருக்கும் துடுப்பு மூன்றாவது காலாகவும் உதவும்.

மருமகள் எழுந்து நின்றாள். கால்கள் வெடவெடத்தன. உடனே முழங்கால்களை விறைப்பாக்கிக்கொண்டு, தன் பாதங்களையே குனிந்து பார்த்தாள். மறுகணம் நீருக்குள் இருந்தாள். மூன்று முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

“மாமா, ஆடாமல் நிற்பது எப்படி?” என்று கேட்டாள்.

சற்றுத் தூரத்தில் ஒரு மீனவர் ஒடுங்கிய தோணியில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். அவரைச் சுட்டிக்காட்டினேன். தோணி ஆடியது, அவருடைய முழங்கால்களும் அதனோடு ஆடின, தலை மட்டும் ஆடவில்லை. அவர் பார்வை தூரத்து நீரில் இருந்தது, காலடியில் இல்லை.

உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. கண்கள் தொடுவானத்தைக் கொண்டு மட்டத்தை அறிகின்றன. கணுக்காலிலும் பாதத்திலுமுள்ள நரம்புகள் சாய்வைத் தெரிவிக்கின்றன. இம்மூன்று செய்திகளையும் மூளை இணைத்து, கணந்தோறும் தசைகளைத் திருத்துகின்றது. ஆகவே, சமநிலை என்பது அசையாமை அன்று. இடையறாத சிறு திருத்தமே. கால்கள் வெடவெடப்பதும் அத்திருத்தத்தின் அடையாளமேயன்றித் தோல்வியின் அடையாளமன்று. அச்சத்தினால் உடலை விறைப்பாக்குவோர் அத்திருத்தத்துக்கு வழியை அடைத்துவிடுகின்றனர்.

விழுவதற்கும் முறையுண்டு. பலகையின்மேல் விழாது, அதனைவிட்டு விலகிப் பக்கவாட்டில் விழவேண்டும், தலைகீழாகப் பாயலாகாது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு இருப்பின் அது விலகிப் போகாது. காற்று வலுத்தால் மண்டியிட்டுக் கரைசேர்வதே அறிவுடைமை. வீட்டிலிருப்போர் சுவரின் அருகே ஒற்றைக்காலில் 30 விநாடி நின்று பழகலாம். பின்னர் கண்ணை மூடி முயல்வோர், கண் நமக்கு எத்துணை உதவியது என்பதை உடனே உணர்வர்.

நான்காம் முறை மருமகள் கரையிலுள்ள தென்னையொன்றின் தலையை நோக்கியபடி எழுந்தாள். பத்துப் பன்னிரண்டு துடுப்பு வலித்துச் சென்றாள். சில வாரங்களின்பின் ஒருநாள், அதுவரை வீட்டிலேயே இருந்துவிட்ட தங்கையும் எங்களோடு வாவிக்கரைக்கு வந்தாள். மகள் விழுந்தபோதெல்லாம் எழுந்து நின்றாள். மகள் எழுந்தபின் அமர்ந்தாள். அவளது அச்சம் நீங்கிற்று என்று நான் சொல்லமாட்டேன். புறப்படும் வேளையில், “நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?” என்று மட்டும் கேட்டாள்.