சுதேசியல்லாத காரம்

எங்கள் தெருக்கோடியிலுள்ள காலி மனையை 10 குடும்பங்கள் பங்கிட்டுக் கொண்டு தோட்டம் போட்டிருக்கிறோம். என் பாத்தியில் மிளகாய். உபாத்தியாயருக்குப் பொருத்தமான பயிர்தான் என்று சிலர் சிரித்தார்கள்.

தமிழ்ச் சமையலின் உயிரென்று நாம் எண்ணும் மிளகாய் சுதேசிச் சரக்கு அன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் கப்பலேறி வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே காரம். வந்த காய்க்கு மிளகின் பெயரையே சூட்டிவிட்டார்கள். விருந்தாளி வீட்டுக்காரரானாற்போல், இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது!

அடுத்த பாத்தி ஒரு பாட்டியுடையது. மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி விற்றுக் காலட்சேபம் நடத்துகிறாள். சித்திரையில் கிணறு வற்றவே, கீரைக்கு முதல் ஜலம், மிளகாய்க்கு மூன்று நாளைக்கொரு முறை என்று முடிவாயிற்று. நீர் குறைந்தால் பல ரகங்களில் காரம் ஏறும் என்பது மெய்யே. ஆனால் பூ உதிருமே!

"காரத்தையா எடை போட்டு விற்பேன், வாத்தியாரே? காயை அல்லவா விற்க வேண்டும்!" என்றாள் பாட்டி.

நமக்குக் கீரை ஒரு வேளைக் கறி. அவளுக்கோ மிளகாய்தான் அரிசி. நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூட்டத்தில் அதைச் சொன்னேன். கிணற்று முறை மாறவில்லை. ஆனால் இப்பொழுது வீட்டுக்கு வீடு அரிசி களைந்த கழுநீர் பாட்டியின் பாத்திக்கு வருகிறது. நேற்று எண்ணிப் பார்த்தோம். 17 செடிகளில் புதுப் பூ விட்டிருக்கிறது.