சின்ன மரக்கால்

தவக்காலம் வந்தால் எங்கள் சேரிக்கு உபதேசியார் வந்துவிடுவார். மற்ற நாளில் கோவில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களையும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துப்போவது அவர் வேலை. போகுமுன் பாவங்களை ஞாபகப்படுத்துவார். சாராயம் குடிச்சியா, கெட்ட வார்த்த பேசினியா, ஞாயித்துக்கெழம பூசைய விட்டியா, அடுத்தவன் பொருள எடுத்தியா. தலையான பாவங்கள் ஏழையும் விரல் மடக்கிச் சொல்லச் சொல்வார். போசனப்பிரியம் என்று வரும்போது பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். ராத்திரிக் கஞ்சிக்கு வழியில்லாத தெருவில் மிதமிஞ்சித் தின்கிற பாவத்தை யார் செய்வது?

இதெல்லாம் அப்பாயி சொல்லித் தெரிந்தது. திருச்சிக்குக் கிழக்கே காவிரித் தண்ணி பாயும் ஊர். நிலமெல்லாம் ஊர்த்தெருவுக்கு. ஊர்த்தெருக்காரர்களும் வேதக்காரர்கள்தான். ஒரே பங்கு, ஒரே பூசை, உட்காரும் இடம் மட்டும் வேறு.

அப்பாயி வருசா வருசம் சொன்ன பாவம் ஒன்றுதான். அறுப்புக் காலத்தில் களம் கூட்டும்போது சிந்தின நெல்லில் ரெண்டு கை அள்ளி மடியில் முடிந்துகொள்வது. "சோதனையில விழாதே விழாதேங்கிறாங்களே, புள்ளைய பட்டினியா வீட்ல போட்டுட்டு நெல்லு அம்பாரத்துக்கு நடுவுல நிக்கிறதவிட வேற என்னடா சோதனை?" என்று கேட்கும். சாமியார் மன்னிப்புக் கொடுப்பார். எடுத்த நெல்லுக்கு உண்டான காசை உண்டியலில் போடச் சொல்வார். களவு செய்தவர் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சக்கேயு நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்கிறான். சக்கேயு பணக்காரன், வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவன். அந்தக் கதையை எடுத்துக் கூலிக்காரியின் மடியில் கட்டினார்கள்.

பண்ணையில் ரெண்டு மரக்கால் இருந்தது. விளைச்சலை அளந்து கொட்ட ஒன்று, கூலி அளக்க ஒன்று. கூலி மரக்காலுக்கு உள்ளே அடித்தட்டு மேலே தூக்கி இருக்கும். வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே உயரம். எல்லாருக்கும் தெரியும். ஒரு வருசம் அப்பாயி தன் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் கேட்டிருக்கிறது: "சாமி, கூலி அளக்குற மரக்காலு சின்னதா இருந்தா அது யாரு பாவம் சாமி?"

"ஒம் பாவத்த மட்டும் சொல்லு. அடுத்தவன் பாவம் ஒனக்கு எதுக்கு?"

அந்தச் சாமியாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வானத்தை நோக்கிப் பழிக்குக் கூப்பிடும் பாவங்கள் என்று கத்தோலிக்க மரபே நாலு பாவங்களைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. அதில் ஒன்று வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொள்வது. யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் அறுப்பறுத்தவர்களின் கூலியைப் பற்றியே பேசுகிறது. எங்கள் உபதேசியாரின் விரல் மடக்கலில் இந்த நாலுக்கு விரல் இல்லை. களவு, கோபம், குடி என்று கீழே இருப்பவன் செய்யக்கூடியது மட்டும் பாவமானது. மேலே இருப்பவன் செய்வது நிர்வாகமானது. கோபப்படாதே, தாழ்ச்சியாய் இரு என்று நம்மிடம் சொல்லும்போது, எதைப் பார்த்துக் கோபப்படாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குத் தினமும் வருகிற சோதனை குடியோ திருட்டோ அல்ல. 'நல்ல வேதக்காரி, வாயே தொறக்க மாட்டா' என்று ஊர்த்தெரு கொடுக்கும் நற்சான்றுக்கு ஆசைப்படுவதுதான் அந்தச் சோதனை என்பது என் கருத்து.

அப்பாயியும் மற்ற பொம்பளைகளும் அதில் விழவில்லை. அடுத்த அறுப்பில் மண்டிக்காரரிடம் முத்திரை போட்ட மரக்காலை இரவல் வாங்கிக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். அளந்து பார்த்தால் முக்கால் படி குறைந்தது. ரெண்டு நாள் யாரும் கதிர் அடிக்கவில்லை. சாமியாரே சேரிக்கு வந்தார், கோபம் தலையான பாவம் என்று ஞாபகப்படுத்த. "அது பாவம்னா அந்தப் பாவத்தோடவே சாவுறேன் சாமி" என்று அப்பாயி சொன்னதாம். மூணாம் நாள் சரியான மரக்கால் வந்தது. மடியில் நெல் முடிவதை அப்பாயி அப்புறமும் விட்டுவிடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதைத்தான் விட்டது.

களவு அப்பாயி காலத்துப் பாவம். அம்மா காலத்தில் பொய்.

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியில் சேரமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவருக்குக் கதவு மூடியே இருக்கிறது. அக்காவுக்குக் கோவில் பதிவேட்டில் ஒரு புனிதையின் பெயர், பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர். தாலுகா ஆபீசில் அம்மா தன்னை இந்து என்று எழுதிக் கைநாட்டு வைத்தது. ஞானஸ்நானம் பெற்றுக் கோவிலுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது. ஞானஸ்நானத்தில் சாதி போய்விட்டது என்று யார் நம்புகிறார்கள்? எறையூரில் கத்தோலிக்க தலித்துகள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வந்தது, போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தார்கள். மோதிக்கொண்ட ரெண்டு தரப்பும் ஒரே மதம்.

அம்மா அந்தப் பொய்யைச் சொல்ல மறக்கவில்லை. எட்டாம் கற்பனையை மீறினேன் என்று போன இடத்தில் இருந்தவர் இளம் சாமியார், நம் தெருக்களில் ஒன்றிலிருந்து போனவர் என்று பேச்சு. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாராம். பாவமன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அபராதமாக ஒரு மந்திரம்கூடச் சொல்லச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "அப்ப அது பாவமா இல்லையா? ஒண்ணுமே சொல்லாம அனுப்பிட்டாரே" என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது.