61-ஆம் நாள் காலை

கிரிமினல் பக்கம் ஜூனியராகச் சேர வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, குறுக்கு விசாரணை எப்போது கற்றுத் தருவீர்கள் என்பதுதான். நான் ஒரு பென்சிலையும் ரிமாண்ட் கேஸ் கட்டுகளையும் கையில் கொடுத்து, நாள் எண்ணச் சொல்வேன். 31 வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் நின்றவன் சொல்கிறேன், முதல் பாடம் அதுதான்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து ரிமாண்ட் 15 நாள், 15 நாளாக நீளும். சாதாரணத் திருட்டு வழக்கென்றால் 60 நாள், கொலை வழக்கென்றால் 90 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், பிணை கொடுக்கத் தயாராக இருப்பவரை உள்ளே வைக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 187 ஆகிவிட்டது; 60-ம் 90-ம் அப்படியே இருக்கின்றன. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் இந்த உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது. குற்றப்பத்திரிகை உள்ளே போவதற்கு முன் நம் மனு போயிருக்க வேண்டும்.

எனக்கு இது உறைத்தது ஒரு வீட்டுத் திருட்டு வழக்கில். அன்று 61-ஆம் நாள். டைப் அடித்த மனு என் பையில் இருந்தது. வேறொரு வாய்தாவை முடித்துவிட்டு 12 மணிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். காலையிலேயே குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்றார்கள். கைதான பையனின் அம்மா மாற்றுத்துணிப் பையோடு வராந்தாவில் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. என் சீனியர் திட்டவில்லை. கட்டை வாங்கி, மேலட்டையின் ஓரத்தில் ரிமாண்ட் தேதியைப் பென்சிலால் எழுதினார். கீழே 15, 30, 45, 58, 61 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி போட்டார். "58-ல மனுவை முடிச்சு வச்சிரு தம்பி. 61-ல ஆபீஸ் கதவைத் திறக்கும்போது நீ வாசல்ல நிக்கணும்" என்றார்.

குறுக்கு விசாரணையும் இப்படிக் குறித்துவைக்கும் வேலைதான். ஓர் அடிதடி வழக்கில், இருட்டில் ஆளை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்றதற்கு, தெருவிளக்கு எரிந்தது என்றார் சாட்சி. போலீஸ் பதிவுசெய்த வாக்குமூலத்தில் விளக்கைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. அதை நான் கேட்டதற்குச் சாட்சியின் பதில், "போலீஸ் விசாரணையில் அப்படிச் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்று பதிவானது. மாதங்கள் கழித்துப் புலனாய்வு அதிகாரி கூண்டேறியபோது, அந்தச் சாட்சி உங்களிடம் விளக்கைச் சொன்னாரா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருந்தால் "சொல்லவில்லை" என்று ஏறியிருக்கும். கேட்காததால் அந்த விளக்கு தீர்ப்புவரைக்கும் எரிந்தது. அன்றிலிருந்து நோட்டின் இடப்பக்கம் முழுவதும் புலனாய்வு அதிகாரிக்கு. சாட்சி புதிதாக ஒன்று சொன்ன நிமிடமே அங்கே எழுதிவிடுவேன்.

ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதிராமிடம் 10,000 ரூபாய் பிணை கேட்டார்கள். சகோதரர் பிணை நிற்க வந்தால், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு மோதிராமின் சொந்தப் பிணையே போதும் என்றார். எல்லாருக்கும் உச்ச நீதிமன்றம் எட்டாது. அதனால் மனு எழுதும் முன்பே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்: கையெழுத்துப் போட ரெண்டு பேர் இருக்காங்களா, ஆதார் இருக்கா, வீட்டு வரி ரசீது இருக்கா?

சீனியர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. போன வாரம் காலை 9.50-க்கு, பூட்டியிருந்த கோர்ட் ஆபீஸ் வாசலில் என் ஜூனியர் பெண் நின்றிருந்தாள். கட்டின் ஓரத்தில் 61-ஐப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். நான் பேச்சுக் கொடுக்காமல் என் வாய்தாவுக்குப் போனேன்.