கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு அறை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொதுத்தேர்வு வந்தால் எங்களைப் போன்ற இடைநிலை ஆசிரியர்களுக்கும் ஹால் சூப்பர்வைசர் வேலை வரும். மூன்று மணி நேரம் உட்காராமல் நடக்க வேண்டும். பறக்கும் படை எப்போது வரும் என்று தெரியாது. இப்படியே பல வருடம் ஓட்டிய எனக்கு, கண்காணிப்பாளர் இல்லாமலே தேர்வு நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிறது வர்ஜீனியா பல்கலைக்கழகம். தாமஸ் ஜெபர்சன் 1819இல் நிறுவியது. அந்தக் காலத்தில் மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஆகவே ஆகாது. 1840 நவம்பரில் முகமூடி போட்டுக்கொண்டு கலாட்டா செய்த மாணவர்களில் ஒருவனைப் பிடிக்கப் போன ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியரை, அந்த மாணவன் சுட்டுவிட்டான். இரண்டு நாளில் அவர் இறந்தார்.

அவருக்குப் பின் வந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர், 1842இல் ஒரு யோசனை சொன்னார். இந்தத் தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை என்று ஒவ்வொரு மாணவனும் தன் மானத்தின் மேல் உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான். ஒரு கொலைக்குப் பிறகு காவலைக் கூட்டாமல் நம்பிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள்! அந்த உறுதிமொழி, வாசகம் மாறினாலும், இன்றும் இருக்கிறது.

இதை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அன்று அங்கே படித்தவர்கள் வெள்ளை இன ஆண்பிள்ளைகள் மட்டுமே. பலர் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள். மானம் என்பது அவர்களுக்கு மட்டுமே உரிய சொத்து என்று நினைத்த காலம். பெண்கள் இளங்கலை வகுப்புகளில் முழுமையாகச் சேர்ந்ததே 1970இல்தான்.

நாளடைவில் இந்த முறையை மாணவர்களே நடத்த ஆரம்பித்தார்கள். பொய், காப்பி, திருட்டு இந்த மூன்றும்தான் குற்றம். புகார் வந்தால் விசாரிப்பவர்கள் மாணவர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதும் மாணவர், எதிர்த்து வாதாடுவதும் மாணவர், தீர்ப்புச் சொல்வதும் மாணவர்கள். பேராசிரியர் புகார் கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம். தீர்ப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது.

அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. செய்தானா? அது தப்பு என்று தெரிந்து செய்தானா, அல்லது தெரிந்திருக்க வேண்டியவனா? இதைப் பொறுத்துக்கொண்டால் எல்லோருடைய நம்பிக்கையும் கெடும் அளவுக்கு அது பெரிய தப்பா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் குற்றவாளி. கேள்விகளைப் பாருங்கள், எவ்வளவு நிதானம்!

ஆனால் தண்டனையில் அந்த நிதானம் இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே ஒரே தண்டனைதான். நிரந்தர நீக்கம். ஒரு பத்தி காப்பி அடித்தாலும், முழுக் கட்டுரை காப்பி அடித்தாலும் வெளியே போக வேண்டியதுதான்.

2001இல் அங்கே ஒரு பெரிய விவகாரம். லூயிஸ் புளூம்பீல்ட் என்ற இயற்பியல் பேராசிரியரிடம், காப்பி அடித்தவர்களுக்குத் தன்னைவிட அதிக மதிப்பெண் கிடைத்திருக்கிறது என்று ஒரு புகார் வந்தது. அவர் ஒரு கணினி நிரலை எழுதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒப்பிட்டார். வரிசையாக ஆறு சொற்கள் ஒத்துப்போனால் அது காட்டிக்கொடுக்கும். 158 பேர் மேல் புகார் போனது. வருடத்துக்கும் மேல் விசாரணை. கடைசியில் 48 பேர் நீக்கப்பட்டார்கள் அல்லது தப்பை ஒப்புக்கொண்டு தாங்களாகவே விலகினார்கள். பட்டம் வாங்கிப் போன சிலரின் பட்டமும் ரத்தானது.

அந்தப் புகாரை யோசித்துப் பாருங்கள். காப்பி அடிப்பவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்று நாம் வகுப்பில் சொல்வோம். அது பாதிதான் உண்மை. இரவெல்லாம் உட்கார்ந்து தானே எழுதிய பிள்ளையிடமிருந்தும் அவன் எடுத்துக்கொள்கிறான்.

அப்படியானால் கடுமையான தண்டனை நல்லதுதானே என்று கேட்பீர்கள். என் அனுபவம் வேறு. நம் தேர்வு அறைகளில் ஒரு பையனிடம் பிட் பிடிபட்டால் எத்தனை ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்? ‘பாவம், வருடக்கணக்கில் தேர்வு எழுத முடியாமல் போய்விடுமே’ என்று பிட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, திட்டி உட்கார வைப்பவர்களே அதிகம். தண்டனை பெரிதாக இருந்தால் கை நடுங்கும். நல்லவர்களின் கைதான் முதலில் நடுங்கும்.

வர்ஜீனியாவிலும் இதே குறைதான் சொன்னார்கள். சின்னத் தப்புக்காக ஒருவர் வாழ்க்கையைக் கெடுக்க மனம் வராமல் பேராசிரியர்களும் சக மாணவர்களும் புகார் கொடுக்கத் தயங்கினார்கள். தீர்ப்புச் சொல்பவர்களோ, தப்பு நடந்தது தெரிந்தும் ‘அவ்வளவு பெரிதில்லை’ என்று விட்டுவிட நேர்ந்தது. வெளிநாட்டு மாணவர்கள் மீதும் சிறுபான்மை இன மாணவர்கள் மீதும்தான் அதிகம் புகார் வருகிறது என்ற வருத்தமும் நெடுநாளாக உண்டு.

மாணவர்களே இதை மாற்றினார்கள். 2013இல், புகார் வந்ததும் தப்பை ஒப்புக்கொள்பவர் இரண்டு பருவம் விலகியிருந்து திரும்பி வரலாம் என்று வழி செய்தார்கள். 2016இல் பலவகைத் தண்டனைக்கான வாக்கெடுப்பு, தேவையான 60 சதவீதம் கிடைக்காமல் மயிரிழையில் தோற்றது. 2022இல் 80 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து, நிரந்தர நீக்கத்தை எடுத்துவிட்டு இரண்டு பருவ விலகலாக மாற்றினார்கள். அடுத்த வருடமே, தப்புக்குத் தக்க தண்டனை என்று விதியைத் திருத்தி எழுதினார்கள். செய்த கெடுதலைச் சரிசெய்வதும், நேர்மை பற்றிக் கற்பதும் இப்போது தண்டனைகளில் சேர்த்தி. மிகப் பெரிய குற்றத்துக்கு நீக்கமும் உண்டு.

நேர்மை தளர்ந்துவிட்டது என்று அங்கே சில பழைய மாணவர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கத் துணிவில்லாத பெரிய தண்டனையைவிட, தயங்காமல் கொடுக்கக்கூடிய சிறிய தண்டனை மேல். திரும்பி வர ஒரு வழி இருந்தால்தான் ‘ஆமாம், நான் செய்தேன்’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் தைரியம் வரும்.

நாளைக்கே நம் பொதுத்தேர்வில் கண்காணிப்பாளரை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மதிப்பெண்ணில் வாழ்க்கையே மாறும் இடத்தில் அது நடக்காது. ஆனால் எட்டாம் வகுப்பின் ஒரு மாதத் தேர்வில், வினாத்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வெளியே நின்று பார்க்கலாமே? தப்பு நடந்தால் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கூடிப் பேசச் சொல்லலாமே?

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.