பீரோ, பிளைவுட், ஒரு காரைக்குடித் தூண்

வீட்டுக்கு இன்டீரியர் பண்றோம்னு ஆரம்பிச்சா முதல்ல வர்ற வார்த்தை ஃபால்ஸ் சீலிங். ஏன்னு யாருக்கும் தெரியாது. எங்க 900 சதுர அடி ஃப்ளாட்டுக்குப் படம் போட்டுக் கொண்டுவந்த தம்பியும் அங்கேதான் ஆரம்பிச்சார். பத்தடி உயர ஹால்ல ஒரு அடியை அது சாப்பிட்டுடும். அப்புறம் டிவிக்குப் பின்னாடி பேனல், தரை முழுக்கக் கம்பளம், சுவரோட சுவரா பார்ட்டிகிள் போர்டு அலமாரி. "ரிச் லுக் சார்." பொய் சொல்லக்கூடாது, படத்துல பார்க்க ஜம்முனு இருந்தது. தங்கமணிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

சிக்கல் என்னன்னா, அந்த வீட்டுக்கு எங்ககூட வரப்போறது அம்மா. 72 வயசு, வீசிங் உண்டு. சொந்தக்காரங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டு, புது பெயின்ட் வாசனையில ராத்திரி பூரா உட்கார்ந்தே விடிய வச்ச ஆள். ஸோ, "அழகா இருக்கா"ங்கிற கேள்விக்கு முன்னாடி "மூச்சு விட முடியுமா"ன்னு ஒரு கேள்வி எனக்கு இருந்தது.

அதனால கொஞ்சம் படிச்சேன். புது அலமாரியைத் திறந்தா கண்ணைக் கரிக்கிற மாதிரி ஒரு நெடி வருமே, அதுல முக்கியமான பங்கு ஃபார்மால்டிஹைடுக்கு. மரத்தூளையும் மரச் சீவலையும் ஒட்டறதுக்குப் போடற யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலேர்ந்து வர்றது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல இதை, புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துட்டாங்க. ஆஸ்துமாக்காரங்களுக்கு அதுக்கு முன்னாடியே தொண்டையைப் பிடிச்சிடும். சூடும் ஈரப்பதமும் கூடக்கூட அதிகமா வெளியேறும். அதாவது நம்மூர் மே மாசம் அதுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. முதல் சில மாசம்தான் மோசம், அப்புறம் குறையும், ஆனா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வந்துகிட்டே இருக்கலாம்.

அதுக்காக பிளைவுட்டே வேண்டாம்னு சொல்ல முடியாது. சமையலறைக்கு வேற வழி இல்லை. ஃபீனால் பசை போட்ட, தண்ணி தாங்கற ரகம் இதைவிட ரொம்பக் கம்மியா விடும். வாங்கும்போது ஈ-1 இல்லைன்னா ஈ-0 முத்திரை இருக்கான்னு பாருங்க. ஓரங்களை விடாம மூடச் சொல்லுங்க, வெட்டுப்பட்ட ஓரத்துலதான் அதிகம் கசியும். ஆசாரி "உள்பக்கம் யார் சார் பார்க்கப்போறா"ம்பார். மசியாதீங்க.

படுக்கையறை அலமாரிக்குத் தீர்வு வீட்டுலயே இருந்தது. அம்மாவோட இரும்பு பீரோ! அப்பா வாங்கினது. டிசைனர் தம்பி லிஸ்டுல "டிஸ்போஸ்"னு எழுதியிருந்தார். அதை ஒரு பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய், பழைய பெயின்டை உரிச்சு மயில் நீலத்துல பவுடர் கோட்டிங் பண்ணிட்டு வந்தோம். பவுடர் கோட்டிங்ல தின்னர் சமாச்சாரம் கிடையாது, அடுப்புல வச்சுச் சூடு பண்ணி உருக்கி ஒட்ட வைக்கிறது. அதனால வாசனையும் இல்லை. இப்போ வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "அந்த நீல கப்போர்டு எங்கே வாங்கினீங்க?" :-)

தரை விஷயத்துலதான் பெரிய சண்டை. தங்கமணிக்கு ஆத்தங்குடி கல்லு வேணும். எனக்கும் ஆசைதான். கண்ணாடி மேல அச்சு வச்சு, கையால வண்ணத்தை ஊத்தி, மேல சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுக்கறது. சூளை கிடையாது, விறகு கிடையாது. கண்ணாடியில படிஞ்ச பக்கம்தான் அந்த வழவழப்பு. ஆனா சிமென்ட் சும்மா வர்றதில்லையே, அதுக்கு ஒரு சூளை எங்கேயோ எரியுது. அதைவிட, இப்ப கிடக்கற டைல்ஸ் நல்லாத்தானே இருக்கு? அதை உடைச்சு லாரி லாரியா ஏரிக்கரையில கொட்டிட்டு "இயற்கை வீடு"ன்னு பேர் வச்சா என்ன நியாயம்? கடைசியில பால்கனியில மட்டும், திண்ணை மாதிரி ஒரு மேடை கட்டி அது மேல ஆத்தங்குடி. புளி, எலுமிச்சை சிந்தினா கறை பிடிக்கும், ஆசிட் ஆகவே ஆகாது, அப்பப்போ தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கணும். இதுக்கெல்லாம் தங்கமணி சம்மதம்.

கம்பளம் கிடையாது. தூசுப்பூச்சிக்கு அதைவிட நல்ல குடியிருப்பு இல்லை. பத்தமடைப் பாய், பவானி ஜமக்காளம். வெயில்ல போட்டு உதறலாம், அவ்வளவுதான்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னு இருந்தேன். காரத்தன்மை இருக்கறதால பூஞ்சை அண்டாது, காத்துல இருக்கற கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். பெயின்டர் அண்ணன் சிரிச்சார். "எமல்ஷன் அடிச்ச சுவத்துல சுண்ணாம்பு நிக்காது தம்பி, உரிஞ்சிரும்." சரின்னு வாசனை கம்மியான, தண்ணியில கரையற பெயின்ட். ஒண்ணு கவனிங்க: வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின சுவர், கதவுன்னா உலர வச்சுத் தேய்க்க விடாதீங்க, நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. குழந்தை இருக்கற வீடுன்னா கட்டாயம். அடிச்சு முடிச்சதும் ஒரு மாசம் ஜன்னலைத் திறந்துபோட்டு, அப்புறம்தான் அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம்.

செடி வச்சா காத்து சுத்தமாகும்னு எல்லாரும் சொன்னாங்க. 1989ல நாசா பண்ணின ஆராய்ச்சியை வச்சுச் சொல்றது. அது மூடின சின்னப் பெட்டிக்குள்ள பண்ணினது. 2019ல பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. சாதாரணமா ஒரு வீட்டுல காத்து வந்துபோறதாலயே ஆகற சுத்தத்தைச் செடி பண்ணணும்னா, சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 10, மேல போனா 1000 செடி வேணுமாம்! மணிபிளான்ட் வைங்க, அழகுக்கு. மூச்சுக்கு எதிரெதிர் ஜன்னலைத் திறந்து விடுங்க. தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க. எங்க வீட்டுல அதிகமா வேலை செய்யற சுகாதார சாதனம் அதுதான்.

அம்மாவுக்கு வீசிங் போயிடுச்சுன்னு கதை விடமாட்டேன். இன்ஹேலர் இன்னும் தலைமாட்டுலதான் இருக்கு. ராத்திரி படுத்துத் தூங்கறாங்க, அது போதும்.

மின்விசிறி பத்தி ஒரு வரி: பழசு 75 வாட், பிஎல்டிசி வகை சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினா, ஒரு விசிறிக்கு வருஷத்துக்கு 260 யூனிட்டுக்கு மேல மிச்சம்.

தீராத வழக்கு ஒண்ணு இருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள் வரிசையா உண்டே, அங்கே ஒரு தேக்குத் தூண் பார்த்தோம். பர்மா தேக்கு, கீழே கல் பீடத்தோட. புதுசா ஒரு மரத்தை வெட்ட வேண்டாம், இதைவிடப் பசுமையா என்ன இருக்குன்னு தங்கமணி கட்சி. அந்தத் தூண் இங்கே வந்திருக்குன்னா எங்கேயோ ஒரு வீட்டை இடிச்சிருக்காங்க, நாம கொடுக்கற விலை அடுத்த வீட்டை இடிக்கத் தூண்டும்னு என் கட்சி. "நீங்க வாங்கலைன்னா அந்த வீடு எழுந்து நிக்கப்போகுதா?"ன்னு கேட்டா. பதில் இல்லை. ஆனாலும் வாங்கலை. மூணு மாசமா இது ஓடுது. தூண் விஷயத்துல நீங்க எந்தக் கட்சின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. தங்கமணியும் படிப்பா, பார்த்து எழுதுங்க.