கடல் கடக்கும் யோசனை

வேங்கிக்காலில் குடியிருப்பவன் கப்பல் பிரயாணத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். நியாயமான சிரிப்புத்தான். வேலூர் சாலையில் திருவண்ணாமலையின் தலைவாசல் போல் அமைந்த எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, ஏரி இருக்கிறது, எங்கே நின்று தலையைத் தூக்கினாலும் அண்ணாமலை தரிசனம் கிடைக்கிறது. கடல் மட்டும் கிடையாது. அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் போய்ச் சேரவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

ஆனாலும் கடலின் கோபம் எங்கள் ஊருக்கும் வரும் என்பதை 2024-ம் வருஷம் கண்டோம். நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிப் பக்கம் கரையேறிய புயலின் மழை இங்கே வந்து கொட்டிற்று. மறுநாள் மாலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு உயிர்கள் போயின. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாராவது ‘கடல்’ என்று சொன்னால், என் மனைவி முதலில் வானத்தைத்தான் பார்க்கிறாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் கப்பலேறித் தீவுக்குப் போகும் யோசனை பிறந்தது. கோடை விடுமுறைக்கு எங்காவது போக வேண்டும் என்று குழந்தைகள் இருவரும் மனுப் போட்டார்கள். பையனுக்குத் தீவு வேண்டும். பெண்ணுக்குக் கப்பல் வேண்டும். ராமேசுவரமும் தீவுதானே என்றேன். 1914-ம் வருஷத்திலிருந்து ரெயிலிலேயே போய் இறங்கக்கூடிய தீவைத் தீவு என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று பையன் வாதாடினான். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகலாமே என்றேன். ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்கிறார்கள் என்று பெண் அதையும் தள்ளிவிட்டாள். அப்போது சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் மெல்லச் சொன்னார்: “நாகப்பட்டினத்திலே இருந்து சிலோனுக்குக் கப்பல் விட்டிருக்காங்களாமே, மாப்பிள்ளை?”

சபை நிசப்தமாயிற்று. மாமியார் தமக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் பிறந்தது அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், 1948-ல். அந்த வருஷம் பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது; அதே வருஷம் கொண்டுவந்த பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை எந்தத் தேசத்துக்கும் உரியவரல்லாதவர் ஆக்கிற்று. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நேர்ந்த கதி இது. பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். நெல் மூட்டைகளைப் பங்கிடுவதில்கூட இதைவிட விவாதம் அதிகம் நடக்கும் என்பது என் அபிப்பிராயம். பங்கு போட்டவர்கள் ஒரே வீட்டிற்குள் கோடு விழும் என்பதை யோசித்தார்களோ, என்னவோ! மாமியாருக்கு இந்தியா விழுந்தது. அவருடைய தங்கையை மணந்தவர் குடும்பத்துக்கு இலங்கை விழுந்தது.

1976-ல் அவர் புறப்பட்டார். அட்டன் ஸ்டேஷனிலிருந்து அப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரெயிலுக்கு மலைநாட்டு ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டிக்குள் இருப்பவர்களும் அழ, மேடையில் நிற்பவர்களும் அழ, வண்டி நகருமாம். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ என்னும் கப்பல், ராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாள், கடைசியில் அந்நாளைய வட ஆற்காடு ஜில்லா. தங்கையை அதன் பிறகு நேரில் பார்க்கவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பேச்சைவிட மௌனமே அதிகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, வச்சிடு” என்பார்கள்.

ஆகாய விமானத்தில் கொழும்புக்குப் போய்விடலாமே, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரந்தானே என்று சொல்லிப் பார்த்தேன். “வந்தது கப்பலிலே, போறதும் கப்பலிலேதான்” என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே கப்பல் விவரங்களைத் தேடப் புறப்பட்டேன். நம்மவர்கள் இலங்கைக்குக் கப்பல் விட்ட சரித்திரம் சுகமான சரித்திரமல்ல. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களைத் தருவித்துக் கொழும்புக்கு ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் ஜனங்களை இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்து அனுப்பியதாகச் சொல்வார்கள். 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையில் தள்ளினார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் டிக்கட் வாங்கினால் ரெயில், கப்பல், மறுபடி ரெயில் என்று கொழும்பு வரையில் போக முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி, ரெயில், பிரயாணிகள் எல்லாம் போன பின், ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1980-களில் இலங்கையில் மூண்ட உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் ஜூன் மாதம் ஓடத் தொடங்கி, நவம்பரிலேயே நின்றது.

நாகப்பட்டினத்துக் கப்பலின் முறை 2023 அக்டோபர் 14-ந் தேதி வந்தது. ‘செரியபாணி’ என்று பெயர். 150 பேர் ஏறலாம். வரியுடன் கட்டணம் 7,670 ரூபாய். (குடை கொடுக்கவில்லை.) அது சில நாளிலேயே வடகிழக்குப் பருவக் காற்றுக்குப் பயந்து நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ என்னும் வேறு கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று 2025 பிப்ரவரியில் மீண்டும் கிளம்பிற்று. ‘சிவகங்கை’ என்பது எங்கள் அருணாசலேசுவரர் கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தத்தின் பெயருமாகும். “போகும்போது ராமானுஜர், திரும்பும்போது சிவகங்கை. ரெண்டு சாமியும் துணை” என்று மாமியார் திருப்தி தெரிவித்தார்.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடலில் சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரம். வேங்கிக்காலிலிருந்து நாகை போய்ச் சேருவது அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரம்! விழுப்புரத்தில் வண்டி மாறி, கடலூர், சிதம்பரம், மாயவரம், திருவாரூர் என்று போக வேண்டும். வழியில் சிதம்பரத்தில் இறங்கிப் பார்க்க ஆசை. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-ல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளான தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார்கள்தாம். அந்நாளில் அக்கரையார் இங்கு வந்து நமக்குப் பாடம் சொன்னார்கள். இங்கிருந்து போனவர்களும் உண்டு. திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடியிருக்கிறார். அவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களிடம் கேட்டார்கள். மாமியாரின் தகரப் பெட்டிக்கு அடியில் கண்டியிலிருந்த இந்திய உதவி ஹை கமிஷனர் காரியாலயம் கொடுத்த பழைய பாஸ்போர்ட் கிடந்தது. பிறந்த வருஷம் அதில் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று, ரேஷன் கார்டில் மற்றொன்று. மூன்றையும் ஒன்றாக்குவதற்குள் இரண்டு மாதமும் என் பொறுமையும் தீர்ந்தன. பழைய பாஸ்போர்ட்டில் 28 வயது முகம் ஒன்று நேராக நம்மைப் பார்க்கிறது. என் பெண் அதைக் கையிலெடுத்து, “பாட்டி, நீங்க ஏன் இவ்வளவு கோபமா இருக்கீங்க?” என்று கேட்டாள். “கோபமில்லே கண்ணு. அசையாதேன்னாங்க” என்று பதில் வந்தது.

அடுத்தது காலம் குறிப்பது. கார்த்திகையில் எங்களுக்குத் தீபம், கடலுக்குப் புயல். ஆகவே அந்த மாதம் கூடாது. மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும். அப்போது குழந்தைகளுக்குப் பரீட்சை. சித்திரை முதல் தேதி இங்கு போலவே இலங்கையிலும் புத்தாண்டு. அந்த வாரம் அங்கே பாதி ஊர் பூட்டிக்கிடக்கும், ரெயிலில் இடம் கிடைக்காது. ஆகவே சித்திரைக் கடைசி வாரம் என்று முடிவாயிற்று. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை உண்டு. அந்தத் தடை இல்லாத நாட்களில் இதே கடலில் எல்லை தாண்டினார்கள் என்று நாகை, ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. நம்முடைய இழுவை வலைகள் கடலடியைச் சுரண்டிப் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் புகார் சொல்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் அழுவது தமிழில்தான். டிக்கட் வாங்கியவனுக்குத் திறக்கும் கடல், வலையுடன் போகிறவனுக்குச் சிறையாகிவிடுகிறது.

திட்டத்தில் ஒரே ஒரு தகராறு மிச்சமிருந்தது. கப்பல் இறக்குவது வடகோடியில். தங்கை இருப்பது நடுவே மலையில். குழந்தைகளோ யாழ்ப்பாணத்தை விட மாட்டோம் என்கிறார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில், 1981-ல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு மறுபடி எழுப்பப்பட்ட நூல்நிலையம், குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போகும் நயினாதீவு என்று பையன் பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். மணிமேகலை போன மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று அறிஞர் பலர் சொல்வதுண்டு. ஆக, தீவுக்குள் போய் இன்னொரு தீவு! தங்கை யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டால் செலவு மிச்சம் என்று நான் சொன்னேன். மாமியார் தலையசைத்தார். “அப்பாரைப் புதைச்ச இடம் அங்கே இருக்கு. அது வராது” என்றார்.

ஆகையால் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள். பிறகு ரெயிலில் பொல்காவலை வரை வந்து, அங்கே வண்டி மாறி, மலையேறி அட்டன். எந்தக் கோச்சியில் அழுதுகொண்டு இறங்கினாரோ, அந்தப் பாதையில் ஏறப்போகிறார். மூட்டையும் தயார். தங்கை கேட்டது ஒன்றே: கார்த்திகை தீபத்துக் கொப்பரையிலிருந்து எடுத்துப் பக்தர்களுக்குத் தரும் தீப மை. அது சின்னப் பொட்டலமாக மாமியாரின் சுருக்குப் பையில் இருக்கிறது. இங்கிருந்து முருங்கைக்காய் கொண்டு போகலாமா என்று கேட்கிறார். சுங்கத்தில் என்ன சொல்வார்களோ என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று டிக்கட்டுக்காகப் பெயர்களை எழுத உட்கார்ந்தேன். எங்கள் நால்வருக்கும் போக வரத் தேதி போட்டாயிற்று. “உங்களுக்குத் திரும்ப வரும் தேதி என்ன போடட்டும், அத்தை?” என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தனை நாள் இருக்க விடுவாங்க?”

“முப்பது நாள்.”

விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, “முப்பதாவது நாளே போடுங்க, மாப்பிள்ளை” என்றார்.