133 கோடியும் ஒரு வயிற்றுவலியும்

பட்ஜெட் வந்தால் எல்லோரும் வருமான வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். மானியக் கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா என்பதால் நான் யாரும் படிக்காத சின்னத் தலைப்புகளைப் பார்ப்பேன். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'டெலி மானஸ்'. போன் வழியாக மனநல ஆலோசனை தரும் மத்திய அரசுத் திட்டம். 2022 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கி வைத்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் தலைமை மையம். 14416 என்ற எண்ணை அழுத்தி மொழியைத் தேர்ந்தெடுத்தால், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

2022-23-இல் இதற்கு 120.98 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2023-24-இல் 133.73 கோடி. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் அது 65 கோடி ஆகிவிட்டது. பாதிகூட இல்லை. அடுத்த ஆண்டுக்கு 90 கோடி என்று போட்டார்கள்.

வெளியில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால், "செலவே ஆகவில்லை, அவ்வளவு தேவை இல்லை போலிருக்கிறது" என்பார்கள். மானியம் எப்படி நகரும் என்று தெரிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். பணம் தவணை தவணையாக வரும். முன் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்தது வராது. பதவிகள் எல்லாம் ஒப்பந்த அடிப்படையில். விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, ஆணை அடிக்கும்போது தை பிறந்திருக்கும். மார்ச் 31-இல் மிச்சம் திரும்பிவிடும். ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஆலோசகர் பதவி ஒன்றுக்கு இரண்டு முறை விளம்பரம் கொடுத்தோம். அந்தச் சம்பளத்துக்கு ஒருவரும் சேரவில்லை. மறு ஆண்டு அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். கோப்பில் எழுதிய காரணம், 'தேவை எழவில்லை'.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். மானியத்துக்கு அங்கே 'சுப்வான்சியோன்' என்று பெயர். லத்தீன் மூலத்தில் 'உதவிக்கு வருதல்' என்று பொருள். ஒதுக்குவது வேறு, வந்து சேருவது வேறு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய கவலை குழந்தைகளைப் பற்றித்தான். நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரும் 14416-ஐ அழைப்பார்களா? பெரியவர்களுக்காவது தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று சொல்லத் தெரியும். பிள்ளைக்கு அது வயிற்றுவலியாகத்தான் வரும்.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அம்மா ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் சொன்னாள்: "காலையில ஆறரை மணி ஆனா வயிறு வலிக்குதுன்னு சுருண்டுக்கறான் ஐயா. ஸ்கேன்கூட எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லங்கறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்கறதே இல்ல." கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குள் அவன் பள்ளிக்குப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவள் பார்த்தது நல்ல குழந்தை டாக்டர்தான். காத்திருக்கும் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அவர் கொடுக்க முடிந்தது ஐந்து நிமிடம்.

நான்தான் எண்ணைக் கொடுத்தேன். முதலில் மறுத்தாள். "பைத்தியம்னு எழுதிடுவாங்களா ஐயா?" என்றாள். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அழைத்தாள். பையன் பேசவில்லை. ஆலோசகர் அம்மாவிடமே இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். பிறகு மனநல மருத்துவரிடம் இணைப்பு கொடுத்தார்கள். பள்ளியில் என்ன நடக்கிறது என்று இவளை விசாரிக்கச் சொன்னார்; ஒருமுறை நேரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார். விசாரித்ததில் பள்ளி வேனில் நடந்த விஷயம் ஒன்று வெளியே வந்தது. அதை இங்கே எழுதுவது முறையல்ல.

ஆக, அந்த எண்ணை அழுத்தியது பிள்ளை இல்லை, அவன் அம்மா. அவளுக்கும் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணி மானியத்தைக் கூட்டிக் குறைத்தால் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எப்போதும் குறைவாகத்தான் தெரிவார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004-இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே போன் குழந்தை டாக்டருக்காக. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் அழைத்தால், குழந்தை மனநல மருத்துவர் அரைமணி நேரத்துக்குள் அவரோடு பேசி யோசனை சொல்வார். தாய் தகப்பன் யாரையும் தேடி அலைய வேண்டாம். அவர்களுக்குப் பழகிய டாக்டரே வைத்தியத்தைத் தொடர்வார். அங்கே மத்திய அரசு 2016-இல் சட்டம் கொண்டுவந்து, 2018 முதல் இதே மாதிரியில் மற்ற மாநிலங்களுக்கும் மானியம் கொடுக்க ஆரம்பித்தது. மத்திய அரசின் ஒவ்வொரு ஐந்து டாலருக்கும் மாநிலத்தின் பங்காக ஒரு டாலராவது சேர வேண்டும் என்பது நிபந்தனை. குமாஸ்தாவுக்குப் பிடித்த விதி இது. தன் பணமும் உள்ளே இருந்தால்தான் கோப்பு தூங்காது. கொரோனா காலத்தில், 2021-இல், கூடுதலாக 8 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

நம் ஊரிலும் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2020-இல் வந்த பள்ளி நலத் திட்டத்தின்படி ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் உடல்நல, மனநல விஷயங்களுக்கென்று பயிற்சி பெற வேண்டும். பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போகும் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் உள்ளன. திரும்பி வரும் பணத்தில் ஒரு பகுதியில், இவர்களுக்கும் குழந்தை டாக்டர்களுக்கும் என்று தனி இணைப்பு ஒன்று வைத்தால் என்ன? எதிர்முனையில் குழந்தை மனநலம் படித்தவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனிலேயே எல்லாம் ஆகிவிடாது என்பதும் தெரியும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி, சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் டாக்டர் தொலைவிலிருந்து ஆலோசனை தரலாம். கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளுக்குத் தரும் மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்தைத் தொலைவிலிருந்து எழுதிக்கொடுக்கக் கூடாது. அதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பேருந்துச் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் எந்தத் தலைப்பின் கீழும் பணம் கிடையாது.

அந்தக் குழந்தை டாக்டரிடம் பையனின் அம்மா நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் 14416 என்று வெள்ளைத்தாளில் எழுதி, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாராம். பையன் இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகிறான். வேனில் இல்லை, அப்பாவின் சைக்கிளில்.